சப்குவெரியா, ஜாயினா? மாங்காய் மண்டிக் கணக்கை வைத்து வேகம், வரிசை பற்றிய கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை பக்கம் மாங்காய் மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா எடுத்துக்காட்டுக்கும் மூன்றே டேபிள்கள் போதும். விவசாயி: அதில் எண், பெயர், ஊர். வரத்து: ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் ஒரு பதிவு, சீட்டு எண், விவசாயி எண், தேதி, ரகம், எடை, விலை. முன்பணம்: சீசனுக்கு முன்னால் கொடுத்த தொகைகள். இரண்டு டேபிள்களின் பதிவுகளைப் பொருத்திச் சேர்ப்பது ஜாயின்; ஒரு குவெரிக்குள் (கேள்விக்குள்) இன்னொரு குவெரி எழுதுவது சப்குவெரி. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

சப்குவெரி மெதுவானது, ஜாயின்தான் வேகம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில், ஒரு டேட்டாபேஸில் உண்மையாக இருந்தது. மைஎஸ்கியூஎல் 5.5 வரைக்கும் 'இன்' போட்டு எழுதிய சப்குவெரியை அது உள்ளிருந்து ஓட்டாது. 'பெங்களூரா ரகம் கொண்டுவந்த விவசாயிகளின் எண்கள்' என்ற உள் குவெரிக்கு ஐந்தே ஐந்து எண்கள்தான் பதில் என்றாலும், வெளியே இருக்கும் விவசாயி டேபிளை முழுக்க நடந்து, ஒவ்வொரு விவசாயிக்கும் உள் குவெரியை மறுபடி கேட்கும். இருபதாயிரம் விவசாயிகள் என்றால் இருபதாயிரம் தடவை. அதே கேள்வியை ஜாயினாக எழுதினால் கண் இமைப்பதற்குள் பதில் வரும். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் இந்த விதி.

2013இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.6இல் செமி ஜாயினும் (பொருந்தும் பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஜாயின்), உள் குவெரியின் விடையை ஒரே தடவை எடுத்துத் தற்காலிக டேபிளாக வைத்துக்கொள்ளும் முறையும் சேர்ந்தன. மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்த மரியாடிபி இவற்றை அதற்கு முன்பே 5.3இல் கொண்டுவந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை சப்குவெரியைப் பிரித்து ஜாயினாக மாற்றிக்கொள்ளும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கின்றன. நீங்கள் எழுதுவது என்ன வேண்டும் என்ற கோரிக்கை மட்டும்தான். எந்த வழியில் போவது என்பதை டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஆப்டிமைசர் என்ற பகுதி முடிவு செய்கிறது. 1979இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் குழுவில் பாட்ரிசியா செலிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையில் இருந்தே, செலவைக் கணக்கிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர்தான் அடிப்படை.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது வேகம் அல்ல. இரண்டும் ஒரே பதிலைத் தருகின்றனவா என்பதுதான். பல நேரம் தருவதில்லை!

ஒரே பதில் வராதா? எப்படி?

இதோ இரண்டு குவெரிகள்.

செலக்ட் வி.பெயர் ஃப்ரம் விவசாயி வி ஜாயின் வரத்து வ ஆன் வ.விவசாயி_எண் = வி.எண் வேர் வ.ரகம் = 'பெங்களூரா'

செலக்ட் வி.பெயர் ஃப்ரம் விவசாயி வி வேர் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் வரத்து வ வேர் வ.விவசாயி_எண் = வி.எண் அண்ட் வ.ரகம் = 'பெங்களூரா')

ஒரு விவசாயி ஜூன் மாதத்தில் எட்டு லோடு பெங்களூரா இறக்கியிருந்தால், முதல் குவெரியில் அவர் பெயர் எட்டு முறை வரும். இரண்டாவதில் ஒரு முறை. முதல் குவெரி கேட்பது 'லோடுகளைக் காட்டு, உடன் பெயரையும் காட்டு' என்று. இரண்டாவது கேட்பது 'இப்படி ஒரு லோடாவது இருக்கிறதா' என்று. கேள்வியே வேறு.

எட்டு முறை வந்ததைப் பார்த்ததும் பலர் செய்வது, மேலே ஒரு 'டிஸ்டிங்க்ட்' போடுவது. பட்டியல் சரியானதுபோல் தெரியும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் இருந்தால் (நம் பக்கம் ஊருக்கு நாலு முருகேசன் உண்டு) அவர்கள் ஒருவராகிவிடுவார்கள். தவிர, டேட்டாபேஸ் தேவையில்லாமல் எட்டு மடங்கு பதிவுகளைச் சேர்த்து, அப்புறம் அதை வரிசைப்படுத்தியோ ஹாஷ் செய்தோ (ஒரே மதிப்புள்ளவற்றை ஒரே கூடையில் போட்டோ) திரும்பக் குறைக்கிறது. எக்ஸிஸ்ட்ஸ் முதல் லோடைக் கண்டதும் அடுத்த விவசாயிக்குப் போய்விட முடியும். இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் இடத்தில் எக்ஸிஸ்ட்ஸ் அல்லது இன். மற்ற டேபிளின் புலங்களும் பதிலில் வேண்டுமென்றால் ஜாயின். டிஸ்டிங்க்ட் போடத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும், அங்கே ஜாயின் எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வரத்தையும் முன்பணத்தையும் சேர்த்து ஒரே அறிக்கையாக எடுத்தால் தொகை தப்பாக வருகிறது. ஏன்?

மண்டிக் கணக்கில் பணம் கைமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு விவசாயி மூன்று லோடு கொண்டுவந்திருக்கிறார், ஒவ்வொன்றும் 2 டன். மொத்தம் 6 டன். முன்பணம் இரண்டு தடவை, தடவைக்கு 5,000 ரூபாய். மொத்தம் 10,000. இப்போது விவசாயியோடு வரத்தையும் முன்பணத்தையும் ஜாயின் செய்து, விவசாயி வாரியாகக் கூட்டுகிறீர்கள். மூன்று லோடுகளில் ஒவ்வொன்றும் இரண்டு முன்பணப் பதிவுகளோடும் சேர்வதால் ஆறு பதிவுகள் உருவாகின்றன. எடை 12 டன், முன்பணம் 30,000 ரூபாய் என்று அறிக்கை சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே ஒரு முன்பணம் வாங்கியவருக்கு எடை சரியாக இருக்கும், ஒரே லோடு கொண்டுவந்தவருக்கு முன்பணம் சரியாக இருக்கும். அதனால் சோதிக்கும்போது கண்ணில் படாமல், சீசன் நடுவில் ஒரு விவசாயி சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் வெளிவரும்.

'சம் டிஸ்டிங்க்ட்' போட்டு இதைச் சரிசெய்யப் பார்ப்பது இன்னும் ஆபத்து. மூன்று லோடும் 2 டன் என்பதால் அது 2 டன் என்று சொல்லிவிடும்.

இங்கே சப்குவெரிதான் சரியான கருவி. வரத்தை விவசாயி எண் வாரியாகக் கூட்டி ஒரு சப்குவெரி, முன்பணத்தை அதேபோல் கூட்டி இன்னொன்று. இரண்டையும் ஃப்ரம் பகுதியில் வைத்து விவசாயி டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் விவசாயிக்கு ஒரு பதிவுதான் இருக்கும் என்பதால் பெருக வழியில்லை. வேகத்துக்கும் இதுவே நல்லது. ஜாயினுக்குள் போகும் பதிவுகள் குறைகின்றன.

அங்கே லெஃப்ட் ஜாயின் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எத்தனை லோடு என்று எண்ணும் சப்குவெரியைச் சாதாரண ஜாயினாக மாற்றினால், ஒரு லோடும் கொண்டுவராத விவசாயி பட்டியலில் இருந்தே காணாமல் போவார். லெஃப்ட் ஜாயினில் 'கவுண்ட் நட்சத்திரம்' போட்டால் அவருக்கு 0 வரவேண்டிய இடத்தில் 1 வரும். வரத்து டேபிளின் சீட்டு எண்ணை எண்ணினால்தான் 0 வரும். 1982இல் வொன் கிம் சப்குவெரிகளை ஜாயினாக மாற்றும் முறைகளை வெளியிட்டபோது அவர் முறையிலேயே இந்த ஓட்டை இருந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 'கவுண்ட் பக்' என்ற பெயரோடு அது பாடமாகிவிட்டது.

இந்த சீசனில் வராத விவசாயிகளின் பட்டியல் கேட்டேன். ஒருவர்கூட வரவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்களா?

இல்லை. நீங்கள் 'நாட் இன்' போட்டிருப்பீர்கள். வரத்து டேபிளில் எங்கோ ஒரு பதிவில் விவசாயி எண் 'நல்' ஆக, அதாவது காலியாக, இருக்கிறது. வியாபாரி நேரடியாகக் கொண்டுவந்த லோடாக இருக்கலாம். 'இந்த எண் அந்தப் பட்டியலில் இல்லை' என்று உறுதியாகச் சொல்லப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். நல் என்பது தெரியாத மதிப்பு என்பதால் ஒப்பீட்டின் விடையும் 'தெரியாது' ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நல் இருந்தால் போதும், ஒரு விவசாயியும் தேறமாட்டார்.

நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள், இந்தச் சிக்கல் இல்லை. வேகத்திலும் வித்தியாசம் உண்டு. போஸ்ட்கிரெஸ் நாட் எக்ஸிஸ்ட்ஸை ஆன்டி ஜாயினாக (பொருந்தும் பதிவு இல்லாதவற்றை மட்டும் எடுக்கும் ஜாயின்) மாற்றிக்கொள்ளும். இன்று பலர் ஓட்டும் பதிப்புகளில் நாட் இன்னுக்கு அப்படிச் செய்வதில்லை. உள் பட்டியல் நினைவகத்தில் அடங்கினால் பிழைத்தோம், அடங்காவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் பட்டியலை மறுபடி நடக்கும். மைஎஸ்கியூஎல் 8.0.17 முதல் ஆன்டி ஜாயின் உண்டு.

ஒவ்வொரு விவசாயிக்கும் கடைசியாகக் கிடைத்த விலை வேண்டும். செலக்ட் பட்டியலுக்குள்ளேயே சப்குவெரி எழுதலாமா?

எழுதலாம், எத்தனை விவசாயிகளுக்கு என்பதைப் பொறுத்து. திரையில் ஒரு பக்கத்துக்கு 20 பேர் என்றால், 'இந்த விவசாயியின் வரத்து, தேதி இறங்குவரிசை, லிமிட் 1' என்ற சப்குவெரி 20 தடவை ஓடும். வரத்து டேபிளில் விவசாயி எண், தேதி என்ற இரண்டு புலங்களையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடும் பதிவை நேராகக் காட்டும், வரிசையாக அடுக்கிய பட்டியல்) இருந்தால் ஒவ்வொரு தடவையும் நேராகப் போய் ஒரு பதிவை எடுத்துவரும். இதைவிட வேகமாக வேறு எதுவும் செய்ய முடியாது. இண்டெக்ஸ் இல்லையென்றால் 20 தடவையும் முழு டேபிளைப் புரட்டும். சப்குவெரியின் மேல் விழும் பழி பாதிக்கு மேல் இந்த இண்டெக்ஸ் இல்லாததால் வருவதுதான்.

எல்லா விவசாயிகளுக்கும் ஒரே அறிக்கை என்றால் விண்டோ ஃபங்ஷன் நல்லது. ரோ_நம்பர் போட்டு விவசாயி வாரியாகப் பிரித்து, தேதி இறங்குவரிசையில் எண் கொடுத்து, வெளியே 1 வந்தவற்றை மட்டும் எடுங்கள். டேபிளை ஒரே தடவை நடந்தால் போதும். மைஎஸ்கியூஎல்லில் இது 8.0 முதல் இருக்கிறது. விலையோடு எடையும் ரகமும் வேண்டுமென்று மூன்று சப்குவெரிகளை அடுத்தடுத்து எழுதுவதை மட்டும் தவிருங்கள், போஸ்ட்கிரெஸ் 9.3இலும் மைஎஸ்கியூஎல் 8.0.14இலும் வந்த லேட்டரல் (ஃப்ரம் பகுதியில், முன்னால் வந்த டேபிளின் பதிவைப் பார்க்கக்கூடிய சப்குவெரி), மூன்றையும் ஒரே பதிவிலிருந்து எடுத்துக்கொடுக்கும்.

சப்குவெரிக்குள்ளே ஆர்டர் பை போட்டேன். வெளியே வரிசை மாறி வருகிறது.

வரிசைக்கு உத்தரவாதம் தருவது கடைசியாக, வெளியே இருக்கும் ஆர்டர் பை மட்டும்தான். உள்ளே வரிசைப்படுத்தியதை வெளியே இருக்கும் ஜாயினோ ஹாஷோ கலைத்துவிடலாம். எஸ்கியூஎல் சர்வர் டாப் போன்றவை இல்லாமல் உள்ளே ஆர்டர் பை போட்டால் பிழை என்றே சொல்லிவிடும். மரியாடிபி, லிமிட் இல்லாத உள் ஆர்டர் பையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். போஸ்ட்கிரெஸில் பல நேரம் சரியாக வந்துவிடும், அதுதான் வம்பு. சின்ன டேபிளில் சரியாக வந்தது, டேபிள் வளர்ந்து பிளான் (ஆப்டிமைசர் தேர்ந்தெடுத்த வழி) மாறும் நாளில் மாறிவிடும்.

உள்ளே ஆர்டர் பைக்கு அர்த்தம் இருப்பது லிமிட்டோடு சேரும்போது: 'அதிக எடை கொண்டுவந்த பத்துப் பேர்' என்பதை முதலில் எடுத்து, அப்புறம் அவர்கள் விவரங்களை ஜாயின் செய்வது. ஆரக்கிளில் ரோநம் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது கட்டாயம். ரோநம் வரிசைப்படுத்துவதற்கு முன்பே ஒட்டப்படும் எண் என்பதால், உள்ளே வரிசைப்படுத்தி வெளியே எண்ணவேண்டும்.

வரிசைப்படுத்தும்போதுதான் நேரம் போகிறது. என்ன செய்யலாம்?

வரிசைப்படுத்தாமல் இருப்பதுதான் முதல் வழி. வேண்டிய வரிசையிலேயே இண்டெக்ஸ் இருந்தால் டேட்டாபேஸ் அதைப் படித்துக்கொண்டே போகும். தேதி, எடை என்று இரண்டு புலங்களில் வரிசை கேட்டு, தேதிக்கு மட்டும் இண்டெக்ஸ் இருந்தால், போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஒவ்வொரு தேதிக்குள் மட்டும் எடை வாரியாக அடுக்கிக்கொள்ளும்.

ஜாயினில் ஒரு இடைஞ்சல்: ஆர்டர் பையில் ஒரு புலம் விவசாயி டேபிளிலும் இன்னொன்று வரத்து டேபிளிலும் இருந்தால், சாதாரண இண்டெக்ஸ் எதுவும் இரண்டையும் சேர்த்து அடக்காது. முழு விடையையும் சேர்த்தபின் வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். பட்டியல் நிஜமாகவே ஊர், தேதி என்ற வரிசையில்தான் வேண்டுமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தேதி மட்டும் போதும் என்பார்கள் பல நேரம்.

நினைவகமும் பார்க்கவேண்டும். போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்தக் கொடுக்கும் நினைவக அளவான ஒர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. அதற்கு மேல் போனால் டிஸ்க்கில் எழுதி எழுதி இணைக்கும். பிளானில் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று தெரியும். அந்த அறிக்கைக்கு மட்டும் அளவைக் கூட்டலாம். சர்வர் முழுக்கக் கூட்டினால், ஒரே நேரத்தில் நாற்பது பேர் வேலை செய்யும்போது நினைவகம் தீர்ந்துவிடும். மைஎஸ்கியூஎல் பிளானில் வரும் 'ஃபைல்சார்ட்' என்ற பெயரைக் கண்டு பயப்படவேண்டாம். இண்டெக்ஸ் உதவாததால் தனியாக வரிசைப்படுத்துகிறது என்பதுதான் பொருள், டிஸ்க்குக்குப் போயே தீரவேண்டும் என்றில்லை.

லிமிட் போட்டும் மெதுவாக இருந்தால் இதைச் சோதியுங்கள். 'மல்கோவா ரகம், புதிய தேதி முதலில், பத்துப் பதிவுகள்' என்று கேட்கிறீர்கள். தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. சீக்கிரம் பத்து கிடைத்துவிடும் என்று நம்பி ஆப்டிமைசர் அந்த இண்டெக்ஸில் பின்னோக்கி நடக்கிறது. ஆனால் நம் பக்கத்து மண்டியில் வருவது முக்கால்வாசி பெங்களூராதான். மல்கோவா பத்து சேர்வதற்குள் பழைய சீசன்கள் எல்லாவற்றையும் புரட்டியிருக்கும். ரகம், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டால் தீர்ந்தது.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது ஆர்டர் பையின் கடைசியில் சீட்டு எண்ணையும் சேருங்கள். ஒரே தேதியில் முந்நூறு சீட்டு இருக்கும்போது அவற்றுக்குள் எது முதலில் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், ஒரு சீட்டு இரண்டு பக்கத்திலும் வரலாம், இன்னொன்று எதிலுமே வராமல் போகலாம்.

தமிழ்ப் பெயர்கள் அகர வரிசையில் வரவில்லையே?

கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் வரிசைமுறை) அப்படி அமைந்திருந்தால், டேட்டாபேஸ் எழுத்துகளின் யூனிகோட் எண்களை வைத்து ஒப்பிடுகிறது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் வரிசையில் ன கடைசி மெய். அதனால் மனோகரன் முன்னால் வந்து மயில்சாமி பின்னால் போவார், அகராதியில் அது தலைகீழ்.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசைமுறை கிடைக்கிறது. 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற கொலேஷன். அதை ஆர்டர் பையில் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இண்டெக்ஸ் வேறு கொலேஷனில் இருந்தால் வரிசைக்கு அது உதவாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக வரிசைப்படுத்த நேரும். பெயர்ப் புலத்துக்கே அந்தக் கொலேஷனைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஊர்ப் பெயரை வைத்து ஜாயின் செய்யலாமா?

வேண்டாம். தர்மபுரி, தருமபுரி என்று இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன் பதிந்த விவசாயிகளுக்கு மாவட்டமே தருமபுரி என்றிருக்கும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: போச்சம்பள்ளியின் 'போ' என்ற எழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், ஜாயினில் பொருந்தாது. ஊருக்கு ஒரு எண் கொடுத்து அதை வைத்துச் சேருங்கள். ஜாயின் செய்யும் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஃபாரின் கீ (இந்த எண் அந்த டேபிளில் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு) அறிவித்தால் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி தானே இண்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ் போடாது.

சப்குவெரிக்குப் பெயர் கொடுத்து முதலிலேயே எழுதும் 'வித்' போட்டுப் பிரித்து எழுதினால் வேகம் குறையுமா?

போஸ்ட்கிரெஸ் 11 வரை குறையலாம், ஏனென்றால் வித் பகுதியைத் தனியாக முழுக்க ஓட்டி முடித்துவிடும். 12 முதல் ஒரே இடத்தில் பயன்படும் வித்தைச் சாதாரண சப்குவெரிபோல உள்ளே இணைத்துக்கொள்கிறது. படிக்க எளிதாக இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

எது மெதுவாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்ஸ்பிளெய்ன் அனலைஸ். போஸ்ட்கிரெஸில் எப்போதோ இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் 8.0.18 முதல். ஆப்டிமைசர் எதிர்பார்த்த பதிவு எண்ணிக்கையும் உண்மையில் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 5 வரும் என்று நினைத்த இடத்தில் 50,000 வந்திருந்தால், அங்கிருந்து மேலே எடுத்த முடிவுகள் எல்லாம் தப்பு. சீசன் தொடங்கி வரத்து டேபிள் திடீரென்று வளரும்போது இது நடக்கும். அனலைஸ் ஓட்டிப் புள்ளிவிவரத்தைப் புதுப்பியுங்கள். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும் என்பதால், டிலீட்டோ அப்டேட்டோ இருந்தால் டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்து மாற்றத்தை விலக்கவேண்டும்.

சோதனைக்கு மூன்று விவசாயிகளை வைத்துக்கொண்டு வேகம் பார்ப்பதில் பயனில்லை. ஒரு முழு சீசன் அளவுக்குப் பதிவுகள் வேண்டும்.

குவெரி ஒவ்வொன்றும் வேகமாகத்தான் இருக்கிறது, திரை மட்டும் அரை நிமிடம் எடுக்கிறது.

விவசாயிகள் பட்டியலை எடுத்துவிட்டு, நிரலின் லூப்புக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு குவெரி போகிறதா என்று பாருங்கள். சர்வர் மும்பையில், ஆலை பர்கூரில். போய்வர 20 மில்லிவினாடி என்று வைத்தால், 1,500 விவசாயிகளுக்கு 30 வினாடி பயணத்துக்கே சரி. இங்கே ஜாயின் என்றாலும் சப்குவெரி என்றாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரே குவெரியில் கேளுங்கள்.

எடைமேடை கணினியில் இன்னும் மைஎஸ்கியூஎல் 5.5 ஓடுகிறது. சீசன் நடுவில் மாற்ற முடியாது.

அந்தக் கணினியில் மட்டும் பழைய விதி செல்லும். இன் சப்குவெரியை ஃப்ரம் பகுதிக்குக் கொண்டுவாருங்கள்: உள்ளே டிஸ்டிங்க்ட் போட்டு விவசாயி எண்களை எடுத்து, அதை விவசாயி டேபிளோடு ஜாயின் செய்தால் உள் குவெரி ஒரே தடவைதான் ஓடும்.

ஆகஸ்டில் ஆலை ஓய்ந்ததும் முழு பேக்கப் எடுத்துவிட்டுப் பதிப்பை ஏற்றுங்கள். 5.7க்கே 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஏற்றுவதற்கு முன் எல்லா அறிக்கைகளிலும் குரூப் பை இருந்து ஆர்டர் பை இல்லாதவற்றைத் தேடி எடுங்கள். பழைய பதிப்புகளில் குரூப் பை தானாகவே வரிசைப்படுத்திக் கொடுத்தது, 8.0இல் அது இல்லை. ரகம் வாரி அறிக்கை இத்தனை வருடம் அடுக்காக வந்துகொண்டிருந்ததே என்று கணக்குப்பிள்ளை கேட்கும் முன், அவற்றுக்கெல்லாம் ஆர்டர் பை சேர்த்துவிடுங்கள்.